ஜெர்மனிப் புகையில் வெந்த சோறு

தட்டின்மேல் கவிழ்த்திருந்த கண்ணாடி மூடியைப் பரிமாற வந்த பெண் தூக்கியதும், உள்ளே அடைபட்டிருந்த புகை மேசையெங்கும் பரவியது. "பைன் வுட் ஸ்மோக், சார்" என்றாள் பெருமையாக. புகைக்கு அடியில் நாலைந்து துண்டு பன்னீர் இருந்தது. பன்னீரை விட்டுவிட்டுப் புகையை மட்டும் மூக்கு நிறைய இழுத்தேன். சந்தேகமே இல்லை. ஜெர்மனி.

நீங்கள் குழம்ப வேண்டாம், எனக்குப் புத்தி பிசகவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு அதற்கு நேரம் நிறைய உண்டு, ஆனால் நான் இன்னும் தொடங்கவில்லை. ஏன் ஜெர்மனி என்று சொல்வதற்கு முன் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரில் ஜீவனஹள்ளியைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிப் புதிதாகத் திறந்திருக்கிற வளாகம் அது. கடைகள், உணவகங்கள், மாடியில் அலுவலகங்கள். கப்பல் துறை என்று அர்த்தம் வரும் ஓர் ஆங்கிலப் பெயர். வாசலில் ஆளுயர நங்கூரம். கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே இருக்கிற ஊரில் இதை எதில் பாய்ச்சுவார்கள் என்று காவலாளியிடம் கேட்கத் தோன்றியது. அவர் என் பைக்குள் கைவிட்டுத் தேடிக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை.

உணவகம் ஒரு கன்டெய்னருக்குள் இருந்தது. நீல வண்ணம், நெளிநெளியான தகடு, பக்கவாட்டில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஒரு கட்டத்துக்குள் தனியாக இன்னோர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் அழகுக்கு வைப்பதல்ல. முன்னால் உள்ள எழுத்தையும் எண்ணையும் ஒரு முறைப்படி பெருக்கிக் கூட்டிப் பதினொன்றால் வகுத்தால் மிஞ்சுவது அது. எழுதியவர் எங்காவது தவறினால் காட்டிக்கொடுக்கத்தான் அது இருக்கிறது. சாப்பாடு வரும்வரை காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்துப்போகவில்லை. அந்தப் பெட்டி எந்தக் கடலையும் கடந்ததில்லை. எங்கேயோ ஒரு வெல்டிங் பட்டறையில் பிறந்திருக்க வேண்டும்.

புகை தின்ன நான் அங்கே போகவில்லை. வேலை பார்த்த காலத்தில் எங்களுக்குச் சமைத்துப்போட்ட பிலோமினாக்கா அனுப்பித்தான் போனேன்.

"சார், தொறந்துட்டாங்களாம். நம்ம எடம் எந்தப் பக்கம் கீதுன்னு பாத்துட்டு வாங்க. நான் போனா செக்யூரிட்டி உள்ள உடமாட்டான். நீங்க போயி இங்கிலீஷ்ல கேளுங்க" என்று காலையில் போனில் சொன்னார். வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். "பிஜி ஓனரம்மாகிட்ட மாசக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்."

பிஜி என்பது கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் தங்கும் விடுதி. ஜீவனஹள்ளியில் இப்போது தெருவுக்கு இரண்டு. அதில் ஒன்றில்தான் அக்கா சமைத்துக்கொண்டிருந்தார். இன்று 'நம்ம எடம்' கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. என்னைப் போன்ற ஆளிடம் முன்கூட்டிக் கேட்டிருந்தால், கையில் உத்தரவு வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. எங்கள் பழைய நண்பன் மஞ்சுநாத் வாக்குக் கொடுத்திருந்தான், அது போதும் அவருக்கு. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதுமாகத்தான் இருந்தது.

இந்த வளாகம் நிற்கும் மண்ணில் முன்பு கன்டெய்னர் யார்டு இருந்தது. பெங்களூரில் துறைமுகமா என்று சிரிக்காதீர்கள். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் ஒவ்வொரு பொங்கலுக்கும் சிரித்துத் தீர்த்துவிட்டான். "உங்க ஊர்ல கப்பல் எந்த ஏரியிலப்பா நிக்குது, அல்சூர்லயா, பெல்லந்தூர்லயா?" என்பான். கப்பல் அவன் ஊரில்தான் நிற்கும். பெட்டி முத்திரை உடையாமல் அங்கே இறங்கி, ரயிலேறி, எங்கள் ஊருக்கு வரும். இங்கேதான் சுங்கம் கட்டி, முத்திரை வெட்டி, கதவைத் திறப்போம். ஆகவே காகிதத்தில் எங்கள் யார்டு ஒரு துறைமுகம். நான் வாழ்ந்தது பெரும்பாலும் காகிதத்தில் என்பதால் எனக்கு அதில் சந்தேகம் வந்ததே இல்லை.

இறக்குமதி முகவர் ஒருவரிடம் எனக்கு வேலை. எந்தச் சரக்கு எந்த வரித் தலைப்பில் வரும், எந்தப் படிவத்தில் யார் கையெழுத்து, எந்த அதிகாரியிடம் காலையில் போக வேண்டும், எவரிடம் சாப்பாட்டுக்குப் பிறகே போக வேண்டும், எல்லாம் அத்துப்படி. கல்யாணம் பேச வந்தவர்களிடம் என் அப்பா, "பையன் ஹார்பர்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் அடுகோடியில் எங்கள் வீட்டு மாடியில் நின்று நான்கு பக்கமும் பார்த்தார்களாம்.

யார்டில் பெட்டியைத் திறக்கிற நேரம்தான் திருவிழா. உள்ளே அடைத்திருந்த காற்று முதலில் வெளியே வரும். கோந்து, ரப்பர், எண்ணெய், சில சமயம் இன்னதென்று சொல்ல முடியாத, ஈரமான, உப்பான ஒரு வாடை. அதுதான் கடல் என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். சுமை இறக்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்கவயல்காரர்கள். சுரங்கம் மூடியதும் காலை ரயிலில் வந்துபோகத் தொடங்கி, பிறகு ஜீவனஹள்ளியிலேயே குடியேறிவிட்டவர்கள். பூமிக்கு அடியில் அவ்வளவு ஆழம் இறங்கியவர்களுக்குக் கடலை மட்டும் பார்க்க வாய்க்கவில்லை. வாடையோடு சரி.

பிலோமினாக்காவின் வீட்டுக்காரரும் அப்படி வந்தவர்தான். அவர் போய்ச்சேர்ந்த பிறகு அக்கா யார்டு ஓரத்தில் கேன்டீன் போட்டுக்கொண்டார். தகரக் கூரை, மூன்று கல் அடுப்பு. விறகுக்குச் செலவே இல்லை. இயந்திரங்கள் வரும் மரப்பெட்டிகளும், சரக்குக்கு அண்டைகொடுத்து வைக்கும் கட்டைகளும் மலையாகக் குவியும். அவற்றை அகற்றுவது யார் பொறுப்பு என்பதற்கு எந்த விதியிலும் தெளிவில்லை. தெளிவில்லாத இடத்தில்தான் மனிதர்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்பது என் பணிக்கால அனுபவம்.

அப்படித்தான் எங்கள் வழக்கம் பிறந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் "இன்னைக்கு இன்னா கொழம்பு" என்று கேட்க மாட்டார்கள். "அக்கா, இன்னைக்கு எந்த ஊரு?" என்பார்கள். எந்த ஊர்ப் பெட்டி அடுப்பில் எரிகிறதோ அந்த ஊர்ச் சாப்பாடு. ஜெர்மனி என்றால் பைன் மரம். சரசரவென்று பிடிக்கும், பிசின் வாசனை சோற்றில் ஏறும், ரசம் அன்று தனி ருசி. இந்தோனேசியா நின்று எரியும் கட்டை. ஆட்டுக்கால் குழம்பு அன்றைக்குத்தான். அமெரிக்கா லேசில் பற்றாது, பற்றினால் அணையாது. சீனா வெறும் ஒட்டுப்பலகை. கோந்து நாறும், கண் எரியும். "இன்னைக்கு சீனா, உப்புமாதான், பேசாம துன்னுங்க" என்று அக்கா முதலிலேயே சொல்லிவிடுவார். உலக வர்த்தகம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பத்திரிகையில் வருவதற்கு முன்பே எங்கள் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வருடங்களில் வாரத்தில் பாதி நாள் உப்புமா.

நான் போட்டு, மற்றவர்கள் மதித்த ஒரே விதியும் அந்த அடுப்படியில்தான் உண்டு. பூச்சி பரவாமலிருக்க மரத்தைச் சூடேற்றியிருந்தால் ஒரு முத்திரை குத்துவார்கள், விஷவாயு காட்டியிருந்தால் வேறொன்று. விஷக் கட்டையை எரிக்கவே கூடாது என்று அக்காவிடம் இரண்டு முத்திரைகளையும் வரைந்து காட்டினேன். "படிச்சவரு வெறகுக்கும் பரீட்சை வெக்கறாரு பாரு" என்று கேலி செய்தாரே ஒழிய, அதன் பிறகு ஒரு கட்டையையும் திருப்பிப் பார்க்காமல் அடுப்பில் வைத்ததில்லை.

பெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சு இயந்திரம் ஒன்று வந்த பெட்டியின் பக்கப் பலகையைப் பெயர்த்து, கால் வைத்துச் செய்த நீளமான பெஞ்சு. பலகையில் வழக்கமான கறுப்புக் குறிகள் மூன்று அழியாமல் இருந்தன. மேல்நோக்கிய அம்புகள், இப்படி நிமிர்த்தி வை என்பதற்கு. தண்டு நீண்ட கண்ணாடிக் கோப்பை, உடையும் என்பதற்கு. குடை, நனையாமல் காப்பாற்று என்பதற்கு. பலகையைப் படுக்கப் போட்டுவிட்டதால் அம்புகள் ரயில் பாதைப் பக்கம் காட்டிக்கொண்டிருந்தன. முறைப்படி அது பெருந்தவறு. சாப்பிட வரும்போதெல்லாம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். "சரி சார், நீங்க நிமிந்து உக்காருங்க, அது போதும்" என்பார் அக்கா.

கோப்பைமேல் நான் உட்காருவேன். குடைமேல் மஞ்சுநாத். இடம் மாறி உட்கார்ந்ததாக நினைவில்லை.

மஞ்சுநாத் யார்டு மேனேஜர். மண்டியா பக்கத்துக்காரன், தமிழைக் கன்னடத்தில் தொட்டுக்கொண்டு பேசுவான். அவனுக்கு அலுவலகத்தில் தனி அறையும் மின்விசிறியும் இருந்தன. ஆனாலும் சாப்பாட்டுக்கு இங்கேதான் வருவான். "குரு, ஸ்வல்ப தள்ளு" என்று என்னை இடித்துக்கொண்டு உட்காருவான். குரு என்பது என் பெயரல்ல, அவர்கள் பேச்சில் 'நண்பா' என்பது போல. அவன் மகளுக்குப் பள்ளியில் இடம் வாங்க நான் அலைந்தேன். என் மனைவி மருத்துவமனையில் கிடந்தபோது காலையும் மாலையும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றான். அக்கா கொடுத்தனுப்பிய கஞ்சி அது. மூடியைத் திறந்ததும், "இன்னைக்கு ஜப்பான்" என்பான். வலியிலும் என் மனைவி சிரித்த ஒரே விஷயம் அதுதான்.

பிறகு நகரம் எங்களைச் சுற்றிக்கொண்டது. ஊருக்கு வெளியே இருந்த யார்டு, தான் ஓர் அடிகூட நகராமலே ஊருக்கு நடுவில் வந்துவிட்டது. லாரிகள் பகலில் நுழையக் கூடாது என்றார்கள். சரக்கு வொயிட்ஃபீல்டைத் தாண்டி எங்கோ போனது. இது எங்கள் ஊருக்கு மட்டும் நடப்பதல்ல என்று தெரியும். என் மகளோடு கொச்சிக்குப் போயிருந்தபோது மிளகுக் கிடங்கு ஒன்று தங்கும் விடுதியாகியிருந்தது. சுமை தூக்கிய கொக்கிகளில் பூந்தொட்டி தொங்கவிட்டிருந்தார்கள். ஆனால் அங்கே ஜன்னலைத் திறந்தால் கடலாவது இருந்தது. எங்கள் ஊரில் துறைமுகம் என்பது ஆட்கள் மட்டும்தான். அவர்களைக் கழித்துவிட்டால் வெறும் மனை.

யார்டு மூடுகிற வாரத்தில் மஞ்சுநாத் ஒரு டெம்போவோடு வந்தான். நிலத்தை வாங்கியவர்கள் அவனையே ஆலோசகராக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, பில்டிங் வந்ததும் கீழ் மாடியில உங்களுக்கு ஒரு எடம். நான் பேசிட்டேன். பெஞ்சு, கெட்டில், தட்டு எல்லாம் குடுங்க, பத்ரமா வெச்சிருக்கேன். நாளைக்கு அதே பெஞ்சு, அதே அக்கா. ஆய்தா, சரிதானே?"

"நெசமா சொல்றீங்களா சார்?"

"மொதல் நாள் மொதல் சாப்பாடு எனக்குத்தான். குரு சாட்சி" என்று என் தோளில் கை போட்டான்.

பெஞ்சின் ஒரு முனையை நான்தான் பிடித்துத் தூக்கினேன்.

வாக்கு என்றால் எனக்குப் போதும், ஆனாலும் பழக்கதோஷம். அக்கா பெயரில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கினேன். உணவு உரிமம், தீயணைப்புச் சான்று, சுகாதாரப் பயிற்சிச் சான்று எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றேன். பயிற்சி வகுப்பில் கையுறை எப்படிப் போடுவது என்று கற்றுக்கொடுத்தார்களாம். "கையே போட்டுக்காம இவ்ளோ வருசம் ஆக்குன மாதிரி பேசறாங்கோ" என்றார் அக்கா. கட்டடம் எழும்பி முடிகிறவரை பிஜியில் சமைத்தார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒவ்வொரு தளமும் ஏறுவதைப் பார்த்து எனக்குப் போன் செய்வார். "சார், கண்ணாடி மாட்றாங்கோ."

பன்னீரை ஒதுக்கிவிட்டு எழுந்து, விசாரிக்கலாம் என்று உள்ளே நடந்தேன். அப்போதுதான் சுவரில் அதைப் பார்த்தேன்.

எங்கள் பெஞ்சு. கால்களை அறுத்துவிட்டுப் பலகையை நெட்டுக்குத்தாக நிறுத்தி, நான்கு இரும்புப் பட்டைகளால் சுவரோடு இறுக்கியிருந்தார்கள். மேலே மெருகெண்ணெய் பளபளத்தது. அம்புகள் முதன்முறையாக மேலே பார்த்தன. முறைப்படி இப்போது எல்லாம் சரி. பக்கத்தில் கெட்டிலும் அலுமினியத் தட்டுகளும் கம்பியில் வரிசையாகத் தொங்கின. கீழே சிறிய பித்தளைத் தகட்டில் 'துறைமுகத் தொழிலாளர் பெஞ்சு' என்று ஆங்கிலத்தில் இருந்தது. இரண்டு பெண்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கொஞ்சம் நகரச் சொன்னார்கள். நகர்ந்தேன்.

"அரே, குரு!"

மஞ்சுநாத். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் உண்மையான சந்தோஷம். அதுதான் என்னைச் சங்கடப்படுத்தியது. குற்ற உணர்வு கொஞ்சமாவது இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

"எப்டி இருக்கு? எல்லாரும் இதத்தான் போட்டோ எடுக்கறாங்க."

"நல்லா இருக்கு. அக்காவோட எடம் எது?"

"அதா..." என்று என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனான். "குரு, உங்களுக்குத் தெரியாததா. லைசென்ஸ் இருக்கு, ஃபயர் இருக்கு, ட்ரெயினிங் இருக்கு. ப்ரோசீஜர்னு ஒண்ணு இருக்கில்ல?"

"எல்லாம் வாங்கிக் குடுத்தேன். உன் மேசையிலதான் இருக்கு."

கழுத்து அட்டையைத் திருப்பிவிட்டுக்கொண்டான். பிறகு, "அக்கா டேஸ்ட்டுல கொற சொல்லல. ஆனா இங்க வர்ற ஜனம் வேற. ஒரு கேன்டீன் நடுவுல உக்காந்தா லுக்கு கெட்டுப்போகும்னு டிசைன் டீம் சொல்லுது. நான் இன்னா பண்றது? நான் வெறும் கன்சல்டென்ட்" என்றான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"பில்டிங்குக்குப் பேரு வெச்சப்பவே தெரியும். எப்டி சொல்றதுன்னுதான்... நீங்க பக்குவமா சொல்லிடுங்க குரு. அக்கா நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அதாவது அடித்தளம் தோண்டியபோதே தெரியும். தளம் தளமாக அக்கா மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் தெரியும். நான்தான் அவ்வப்போது போனில் சொல்லியிருக்கிறேன். "ஆகுது, ஆகுது" என்பான். நிராகரிப்புக் கடிதங்கள் ஏராளம் பார்த்தவன் நான். காரணம் காட்டி, தேதி போட்டு, மேல்முறையீட்டுக்கு எங்கே போகலாம் என்றும் சொல்லி அனுப்புவார்கள். அந்த மரியாதையைக் கூட இவர் செய்யவில்லை. ஆம், இவர். இத்தனை வருடம் 'அவன்' என்றே சொல்லிவந்துவிட்டேன். அது உறவுக்காரர்களுக்கான சலுகை.

"ஏதாச்சும் சாப்ட்டுப் போங்க, நம்ம கணக்குல" என்றார். புகையைச் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிஜியின் பின்வாசல் வழியாகப் போனேன். பெரிய கல்லில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தார் அக்கா. தலையில் வலைத்தொப்பி, கையில் உறை. ஆட்டோவில் வரும்போதே வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"வாங்க சார். எந்தப் பக்கம்? ரயிலு பக்கமா?"

"பெஞ்ச் உள்ள இருக்குக்கா" என்றேன். அங்கே ஆரம்பித்திருக்கக் கூடாது. முகம் அப்படி மலர்ந்தது.

"வெச்சிட்டாங்களா? சொன்னேன் பாத்தீங்களா. எங்க, செவுத்தோரமாவா?"

"செவுத்துலயேக்கா. நிக்க வெச்சு அடிச்சிருக்காங்க."

தோசைத் திருப்பி கையிலேயே நின்றது. "நிக்க வெச்சா எப்டி சார் உக்காருவாங்கோ?"

"உக்கார மாட்டாங்க. பாப்பாங்க."

அடுக்கி வைத்த வாக்கியங்களுக்கு வேலை வரவில்லை. அவர் கல்லில் கருகத் தொடங்கிய சப்பாத்தியை எடுத்துத் தனியாக வைத்தார். அடுத்ததைப் போட்டார். அதுவும் உப்பி வந்த பிறகுதான் கேட்டார்.

"மஞ்சு சார் இருந்தாரா?"

"இருந்தார்."

"சாப்ட்டாராமா? மொத நாளு மொத சாப்பாடு எனக்குன்னாரே."

உப்பியதை எடுத்து வைத்துவிட்டு அடுத்த உருண்டையைத் தேய்க்கத் தொடங்கினார்.

"ஓனரம்மாகிட்ட போயி நின்னுக்கலன்னு சொல்லணும்" என்றார், எனக்கில்லை, மாவுக்கு. "வேற ஆளு சொல்லி வெச்சிட்டாங்களோ இன்னாவோ. நேத்து ஒரு பொண்ணு வந்து அடுப்பப் பாத்துட்டுப் போச்சு."

ஓனரம்மாவிடம் நான் வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். "வேணாம் சார். நீங்க பேசுனா அதுக்கும் ஒரு அப்ளிகேசன் கேப்பாங்கோ" என்றார். அடுப்பின் பக்கம் திரும்பியிருந்ததால் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, தட்டில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும் வைத்து நீட்டினார். ஸ்டூலில் எந்தக் குறியும் இல்லை. எப்படி வேண்டுமானாலும் வைக்கலாம் போலிருக்கிறது.

தட்டைக் கையில் வாங்கியதும் வாய் தன் பாட்டுக்குக் கேட்டுவிட்டது. "இன்னைக்கு எந்த ஊருக்கா?"

அவர் குனிந்து அடுப்பைப் பார்த்தார். வட்டமாக, சத்தமில்லாமல், நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"இதுக்கு ஊரு ஏது சார்" என்றார்.